பதினேழைத் தாண்டிப்போன ஓட்டு

மொதேனா நகரிலிருந்து பாடகர் லயனல் த்ரேஸ் ரசிகர் மன்ற இதழை நடத்திவரும் மேன்மைமிகு ஆசிரியர் ஒரெஸ்தே ஃபாந்தினி அவர்களின் சமூகத்துக்கு, மேற்படி மன்றத்தின் நேப்பிள்ஸ் கிளைச் செயலாளரும் துறைமுகச் சுங்கத்தில் ஓய்வுபெற்ற எழுத்தருமான அனியெல்லோ ஸ்கோத்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் மூட்டுவலியும் முறையே நலம், நலம், குறைவு என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

நம் த்ரேஸ் எழுபத்தாறாவது வயதில் கடைசி முறையாக எங்கள் ஊருக்கு வருகிறார், இசைக்குழுவை விட்டுப் பிரிந்து தனியாகப் போட்ட முப்பத்தொரு ஆல்பங்களில் ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் ஒன்றை முழுசாக மேடையில் நிகழ்த்துவார், ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆல்பத்தின் எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்று அறிவித்தீர்கள். அந்த ‘எண்ணை மட்டும்’தான் ஐயா என் குடியைக் கெடுத்தது.

எங்கள் கிளையில் பத்தொன்பது பேர். காயெத்தானோவின் சலூன் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அங்கேதான் கூடுவோம். மூன்று திங்கட்கிழமைகள் சண்டை நடந்தது. அவருக்கு விவாகரத்தான வருஷம் போட்ட மூன்று ஆல்பங்கள்தான் உச்சம் என்று ஒரு கட்சி. “அது பாட்டா? வக்கீல் நோட்டீஸ்!” என்று இன்னொரு கட்சி. முழுக்கக் கிசுகிசுத்தே பாடின ஆல்பம்தான் வேணும் என்று ஒருவர் எழுந்தார், “உனக்குக் காது கேட்காது, உனக்கென்ன கவலை” என்று உட்கார வைத்தார்கள். நான் கேட்டது ‘உப்பு விளக்குகள்’. காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நுன்சியா கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு த்ரேஸ் கச்சேரிக்குக்கூட என்னோடு வந்ததில்லை. “அந்த ஆளு பாடுறானா, பல்லு புடுங்கிக்கிறானா?” என்பாள். ‘உப்பு விளக்குகள்’ ஒன்றுதான் விதிவிலக்கு. “அதுல மட்டும் மனுஷன் மாதிரி பாடியிருக்கான். அதைப் பாடினா வர்றேன், போ” என்று போன மாதம் வாக்குக் கொடுத்தாள். நீல நிறத்தில் புதுச் செருப்புகூட வாங்கிவிட்டாள். ஒவ்வொரு கச்சேரியிலும் என் பக்கத்து நாற்காலியில் எவனோ ஒருத்தனின் கோட்டு உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு தடவை அங்கே அவள் உட்கார வேண்டும் என்பதுதான் ஐயா என் ஆசை. அதற்காக அவள் கையாலேயே கத்திரிக்காய் அடுக்கு செய்யச்சொல்லி, மூன்று தட்டு சலூனுக்குச் சுமந்துபோய், பதினெட்டு ஓட்டை மடக்கினேன். காயெத்தானோ மட்டும் தின்றுவிட்டுக் கடைசி ஆல்பத்துக்கே போட்டான். பத்தொன்பது சீட்டையும் என் கையெழுத்தில் நானே நிரப்பி அனுப்பினேன்.

நேற்று தங்கள் இதழ் வந்தது. மற்ற ஊர்க்காரர்களின் ஓட்டு ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியதால், நேப்பிள்ஸின் பதினெட்டு ஓட்டால் ஜெயித்தது ‘தொட்டி’ என்று போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில், “நேப்பிள்ஸ் அன்பர் ஒருவர் முப்பத்திரண்டாம் ஆல்பத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார். அது பிறந்ததும் தெரிவிக்கிறோம்” என்று நக்கல் வேறு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயா, எங்கள் ஊரில் பதினேழு எவ்வளவு பெரிய அபசகுனம் என்று வடக்கே இருக்கும் உங்களுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் சிரிப்பீர்கள், நாங்கள் கெடுதல் அண்டாமலிருக்க இரும்பைத் தொடுவோம். சலூன் அலமாரியில் ஆல்பங்களுக்கு எண் ஒட்டியபோது பதினாறுக்கு அடுத்ததைப் பதினெட்டு என்று ஒட்டிவிட்டோம். அதிலிருந்து எல்லாமே ஒன்று தள்ளி. காயெத்தானோ கேட்ட கடைசி ஆல்பம் முப்பத்திரண்டானது அப்படித்தான். எங்களுக்கு இருபத்துநாலு ‘உப்பு விளக்குகள்’; உங்கள் பட்டியலில் அது இருபத்துமூன்று! உங்கள் இருபத்துநாலு ‘தொட்டி’, அதாவது காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து ஐம்பத்தொரு நிமிஷம் இரும்புக் குழாயைத் தட்டுகிறாரே, ஒரு வார்த்தை பாட்டில்லாமல், அது. நாங்களே அதை ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

காயெத்தானோ சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, “பதினேழை ஒழிச்சா கெடுதல் வராதுன்னு சொன்னது யாருடா? நீதானே?” என்று கேட்கிறான். நான்தான். நுன்சியாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள், அத்தோடு சரி, த்ரேஸும் திரும்ப வரப்போவதில்லை. ஆகவே தாங்கள் மனமிரங்கி, முடிவை ரத்துசெய்து, எங்கள் பதினெட்டு ஓட்டையும் இருபத்துமூன்றுக்கு மாற்றி, லண்டனில் இருக்கும் த்ரேஸுக்கு இன்றே தகவல் அனுப்ப வேண்டுமாய்க் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தங்கள் மூட்டுகளுக்குப் புனித ஜென்னாரோ துணையிருக்கட்டும். துணைவியாருக்கு என் வணக்கம்.

என்றும் தங்கள் ஊழியன்,
அனியெல்லோ ஸ்கோத்தி

பி.கு.: மேலே கண்டதைத் தயவுசெய்து கிழித்துப் போடவும். உறையை ஒட்டுவதற்குள் நுன்சியா கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். “என்னய்யா அது தொட்டி? போடு, கேப்போம்” என்றாள். இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். முதல் பக்கம் முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு, “ஏன்யா, இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் இவ்வளவு நாளா சொல்லலை? இதுல அவன் பாடவே இல்லையே! இதுக்குக் கட்டாயம் வர்றேன்” என்றாள். எழுந்துபோய்த் தட்டை அவளே திருப்பிப் போட்டாள். என்னமோ சொல்ல வாயைத் திறந்தேன். “உஷ்! கேட்டுட்டு இருக்கேன்ல?” என்றாள். இந்த வீட்டில் இருபத்தொன்பது வருஷமாக அதைச் சொல்லிவந்தவன் நான்.