கண்ணூறு மீற்றர் எண்பத்தெட்டு

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வழி கேட்கத் தேவையில்லை. கையில் தேங்காயும் முகத்தில் பயமுமாக யார் நடக்கிறார்களோ, அவர்களுக்குப் பின்னால் போனால் போதும். வாவிக் கரையில் ஒரு தகரக் கொட்டில் வரும். வாசலில் பதாகை தொங்கும்: 'டிஜிட்டல் கண்ணூறு மீற்றர். யாருடைய கண்ணில் எவ்வளவு விஷம் என்பதை இலக்கத்தில் அறியலாம்.'

கிரானிலிருந்து உழவு மெஷினில் வந்தார்கள். ஏறாவூரிலிருந்து ஓட்டோவில் வந்தார்கள். கட்டாரில் இருப்பவர்கள் வீடியோ கோலில் கண்ணைக் காட்டினார்கள். கட்டார்க் கண்களுக்கு இலக்கம் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. தூரம் காரணமாம். விஞ்ஞானம் அல்லவா!

சாமியின் பெயர் அழகரத்தினம். ஊர் வைத்த பெயர் மீற்றர் சாமி. முன்பு எங்கே, என்ன வேலை செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. காவி கட்டியவரிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லையாம். அவர் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் இரண்டு சிவப்பு இலக்கங்கள். பக்கவாட்டில் நீண்டிருக்கும் ஒரு பிவிசி குழாயில் ஆள் கண்ணை வைக்க வேண்டும். இலக்கம் ஏறிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிற்கும். இருபதுக்குக் கீழே நல்ல கண். ஐம்பதைத் தாண்டினால் கண்ணூறு போகக் கழிப்புக் கழிக்க வேண்டும். எண்பதைத் தாண்டிய கண்ணை வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

என் அம்மாவின் கண் எண்பத்தெட்டு.

அக்கா கேதீஸ்வரிக்கும் கிரான் ஜெயந்தனுக்கும் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்க வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே அந்த வீட்டில் இருக்கும் கண்களையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் ஆச்சிப்பிள்ளை மாமி சொல்லிவிட்டார். ஜெயந்தனுக்குப் பதினாலு. அக்காவுக்கு ஒன்பது. எனக்கு இருபது, அதாவது கரையில் நிற்கிறேன். அம்மா குழாயில் கண்ணை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"சாமி, இது கரண்டில வேலை செய்யுதா, அம்மாளாச்சியிட சக்தியிலயா?"

கேட்டது அவ்வளவுதான். எண்பத்தெட்டு! கூட்டம் இரண்டு அடி பின்வாங்கியது.

"பாருங்க, இலக்கம் எப்பிடி மங்குது எண்டு," என்றார் சாமி. "கெட்ட கண்ணைக் கண்டா மெஷினே பயந்து போகும்."

உண்மைதான். எட்டு மங்கலாகத்தான் எரிந்தது. பதினாலில் இருந்த ஒன்று பளிச்சென்று எரிந்திருந்தது.

"புஸ்பம் மச்சாள், குறை நினையாதீங்க," என்றார் ஆச்சிப்பிள்ளை மாமி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியபடி. "கலியாணத்துக்கு முதல் நீங்க வேற எங்கயும் போய் இருங்க. என்ட மகன் வாழ வேணும்."

அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அம்மா குவைத்தில் யாருடையவோ குழந்தைகளைக் குளிப்பாட்டி வாங்கியது. இப்போது இரண்டு சிவப்பு இலக்கங்கள் அவரை வெளியே போகச் சொல்கின்றன. அம்மா அன்று பின்னேரமே அலுமாரியிலிருந்து தன் சேலைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினார். அக்காதான் கத்தினாள். "அம்மா போனா நானும் போறன். ஜெயந்தன் தன்ட தாயோட வந்து இந்த வீட்டில இருக்கட்டும்."

நான் செங்கலடியில் மாலை வகுப்பில் மின்னணுவியல் படிக்கிறேன். கெட்டிக்காரி இல்லை. இலக்கம் காட்டும் டிஸ்பிளேயை மைக்ரோகொன்ட்ரோலரால் இயக்குவதுதான் அந்த வாரப் பாடம். ஒரு இலக்கம் என்பது ஏழு கீற்றுகள். ஒன்று என்றால் இரண்டு கீற்றுகள் எரியும், எட்டு என்றால் ஏழும் எரியும். சுவிட்சை ஒரு முறை அழுத்தினால் எண் ஒன்று கூட வேண்டும். நான் செய்ததில் எண் கூடியது. ஆனால் எட்டு மங்கியது, ஒன்று பளிச்சென்று எரிந்தது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடையிகளைக் கீற்றுக்கு ஒன்றாக ஏழு போடாமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்றைப் போட்டிருந்தேன். ஏழு கீற்றும் அந்த ஒரே மின்னோட்டத்தைப் பங்கு போட்டதால் வந்த மங்கல்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். என் மெஷினும் கெட்ட கண்ணைக் கண்டு பயப்படுகிறதா?

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்றாள் பக்கத்து மேசை றிஸ்லா. ஏறாவூர்க்காரி, வகுப்பில் என் கூட்டாளி. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே சந்தேகமும் வந்தது. என் பிழையும் சாமியின் பெட்டியும் ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் அவர் கள்ளன் ஆகிவிடுவாரா? சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாதே!

"சுவிட்ச் எங்க எண்டு நீ ஏன் தேடுறாய்?" என்றாள் றிஸ்லா. "இலக்கத்தை மெஷின் போடுதா, மனிசன் போடுறானா? அதை மட்டும் பாரு. குழாயில ஆர் கண் வைக்கிறது எண்டு அவருக்குத் தெரியாம இருந்தாப் போதும்."

அதற்கு வழி செய்து தந்தவர் ஆச்சிப்பிள்ளை மாமியேதான். அக்காவின் பிடிவாதத்தால் அம்மாவை இன்னொரு முறை அளக்க ஜெயந்தன் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தார். மாமி ஒரு நிபந்தனை போட்டார். "அவட கண் என்னில படக் கூடாது. நடுவில வெள்ளைச் சேலை கட்டுங்க. இல்லாட்டி நான் வரமாட்டன்."

கூட்டத்துக்கு முன்னால் சாமி மறுக்க முடியுமா? "சாமிக்குத் திரை ஒரு தடையா?" என்று சிரித்தார்.

சேலை கட்டியாயிற்று. அதில் போட்ட ஓட்டை வழியே குழாய் மறுபக்கம் வந்தது. சாமியும் பெட்டியும் சனமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நானும் றிஸ்லாவும். அவள் பையைத் திறந்தாள். ஏறாவூர்ச் சந்தையில் அன்று காலை வாங்கிய கொடுவா மீனின் தலை. கண் நல்ல பெரிய கண்.

"ஆள் ரெடி, சாமி," என்றேன். குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்கியதென்று சாமி நினைத்திருப்பார். சரியாகத்தான் நினைத்திருப்பார்.

இலக்கம் ஏறியது. தொண்ணூற்றொன்று. கூட்டம் "ஐயோ" என்றது.

"கூடிப் போச்சு!" என்று சாமி முழங்கினார். "பொம்பிளைக் கண். பொறாமைக் கண். இந்தக் கண் பட்டா வட்டையில நிக்கிற நெல்லெல்லாம் பதராப் போகும். நேத்து ராவு முழுக்க இது அழுதிருக்கு!"

நேற்று இரவு அது வாவியில் நீந்தியிருக்கும். றிஸ்லா சேலையை இழுத்துப் போட்டாள்.

குழாய்க்கு முன்னால் கொடுவாத் தலை வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"அப்ப புஸ்பம் எங்க?" என்றார் ஆச்சிப்பிள்ளை மாமி.

"இஞ்சதான் நிக்கிறன் மச்சாள்," என்றார் அம்மா, மாமிக்குப் பின்னால் சனத்துக்குள் நின்று, போட்டிருந்த முக்காட்டை விலக்கி. "வந்ததில இருந்து உங்கட பிடரியைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஏதும் செய்யுதா?"

மாமி அலறினார். பிறகு பிடரியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சாமி அசையவில்லை. "அவட கண்ணூறுதான் மீனில ஏறி நிக்குது," என்றார். சிலர் தலையாட்டினார்கள். இரண்டு பேர் மீனுக்குக் கழிப்புக் கழிக்கலாமா என்று கேட்டார்கள். இதற்கு மறுமொழியை நான் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாமி, நீங்க எழும்பி இஞ்சால வாங்க. மெஷின் தன்பாட்டில அளக்கட்டும்."

"ஆசனத்தை விட்டு எழும்பினா சக்தி குறைஞ்சிடும்."

"உனக்கா, மெஷினுக்கா?" என்றார் ஆச்சிப்பிள்ளை மாமி. பயந்தது வீணாகிவிட்ட கோபம் அவருக்கு. சாமியின் கையைப் பிடித்து ஒரே இழுவை. வயல்வேலை செய்த கை. சாமி எழுந்து வந்தார். அவரோடு ஆசனத்தின் சிவப்புத் துணியும் வந்தது. கால் இருந்த இடத்தில் ஒரு வீட்டு அழைப்புமணி சுவிட்ச். அதிலிருந்து பெட்டிக்கு வயர்.

ஜெயந்தன் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். தொண்ணூற்றொன்று. றிஸ்லா தன் செருப்பை வைத்தாள். தொண்ணூற்றொன்று. குழாயைச் சும்மா விட்டோம். காற்றுக்கும் தொண்ணூற்றொன்று.

அம்மா முன்னால் வந்து சுவிட்சில் காலை வைத்து அழுத்தத் தொடங்கினார். இலக்கம் ஒவ்வொன்றாக ஏறியது. இரண்டு இலக்கத்துக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போக வழியில்லை. அடுத்த அழுத்தில் சைபர் சைபர்.

"மச்சாள், இப்ப என்ட கண் சைபர்," என்றார் அம்மா. "வீட்டில இருக்கலாமா?"

மாமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நீங்க கட்டின வீட்டில நீங்க இருக்க நான் ஆர் சொல்ல?"

சாமி அதற்குள் பின்பக்கத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வாவிப் பக்கம் ஓடியிருந்தார். துரத்த ஆள் தேடித் திரும்பினேன். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு, பக்தியோடு சுவிட்சில் காலை வைத்தார்.

"என்ன செய்யிறீங்க?" என்றேன்.

"நாங்களும் எங்கட கண்ணைச் சைபருக்குக் கொண்டு வாறம், தங்கச்சி."

ஏழு கீற்று இலக்கத்துக்குக்கூட ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் இருந்து எதை எரிப்பது, எதை அணைப்பது என்று தீர்மானிக்கிறது. மக்களே, உங்கள் கழுத்துக்கு மேலேயும் ஒன்று தந்திருக்கிறார்கள். எவன் காலாவது அழுத்தும்வரை காத்திருக்காமல் அதை நீங்களே ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.