நீர்முறைத் தாளும் நடுநிலை மென்பொருளும்

துனீசியாவில் ரோமானியர்கள் கட்டிய நீர்வழிகளைப் பற்றி உலகமே வியந்து பேசுகிறது. எங்கள் பாலைச்சோலையில் பன்னிரண்டு தோட்டக்காரர்கள் கூடி ஒரு மலிவான பக்க வடிவமைப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது அதைவிடப் பெரிய சாதனை. ரோமானியர்களிடம் அடிமைகள் இருந்தார்கள். எங்களிடம் ஒரு குழு மட்டுமே இருந்தது.

எங்கள் நீர்ச் சங்கத்துக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு பம்பு, பன்னிரண்டு பேரீச்சந்தோட்டங்கள். தோட்டத்துக்கு ஒரு நாள் தண்ணீர், பன்னிரண்டு நாளில் ஒரு சுற்று. யாருக்குப் பின் யார் என்பதை வருடாவருடம் ஜூலை பிறக்கும்முன் பம்பு அறைச் சுவரில் ஒரு தாளில் ஒட்டுவோம். அதில் தேதி போடும் வழக்கம் இல்லை. பம்பு எப்போது நிற்கும் என்பது பம்புக்கே தெரியாது. ஒரே வரிசையில் பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு பெயர். அரபியை வலமிருந்து படிப்போம் என்பதால் வலது ஓரத்துப் பெயருக்கு முதல் தண்ணீர்.

ஆறு வருடமாக அந்தத் தாளை என் மனைவி முனீரா அடிக்கோல் வைத்துப் பேனாவால் எழுதினாள். அரைமணி நேர வேலை. ஜனவரியில் இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்த சங்கத் தலைவர் லஸ்ஹர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ இடத்த யாராலயும் நிரப்ப முடியாது தம்பி" என்றார். பிப்ரவரியில் அந்த இடத்தை நிரப்பக் குழு அமைத்தார்.

குழுவின் "தொழில்நுட்ப வல்லுநர்" நான். கல்லூரியில் நான் படித்தது மண்ணியல். கணினி இருந்த கட்டடம் பக்கத்தில் இருந்தது. அது போதும் என்றார்கள்.

எனக்கும் இதில் அக்கறை இருந்தது. தாளில் முதல் பெயர் என் மாமியார் ஹஃப்ஸியாவுடையது. அவர் தோட்டத்தில் பதினான்கு இளங்கன்றுகள் நிற்கின்றன. அக்டோபரில் முனீரா நட்டவை. ஜூலை வெயிலில் தண்ணீர் இல்லாமல் பன்னிரண்டு நாள் தாங்கும். அதற்குமேல் தாங்காது.

முதல் கூட்டம் வேர்க்கடலையோடும் தேநீரோடும் தொடங்கியது.

"ஒரு மென்பொருள் மாசாமாசம் டாலர் கேக்குது" என்றேன்.

"நம்ம பேங்க் அட்ட நாட்ட விட்டு வெளிய போகாதே" என்றார் துணைத் தலைவர் ஜுமா. "என் கழுத மாதிரி. ஊர் எல்லை வந்தா நின்னுரும்."

"ரெண்டாவது, சந்தையில விக்கிற திருட்டு நகல்."

தலைவர் முகம் சுளித்தார். "திருட்டா? ஒரு சங்கம் அப்படிச் செய்யலாமா?" ஒரு கடலையை உரித்தார். "நல்லா வேலை செய்யுதா?"

"செய்யுது. ஆனா தினம் காலையில 'நீ யோக்கியனா'ன்னு கேக்குது."

"அப்ப வேண்டாம். யாரு தினம் பதில் சொல்றது."

"மூணாவது இலவசம்."

எல்லாரும் கடலை உரிப்பதை நிறுத்தினார்கள்.

"இலவசமாக் குடுக்கறவன் சும்மாவா குடுப்பான்?" என்றார் ஜுமா. "அவனுக்கு நம்ம கிணத்து மேல கண்ணு."

அடுத்த மூன்று மாதம் அந்த மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு எங்கள் கிணற்றின் மீது உள்ள நாட்டம் "ஆராயப்பட்டது". கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. "பாத்தியா, கமுக்கமா இருக்கான்" என்றார் ஜுமா. ஜூன் மாதம், வேறு வழியில்லாமல், இலவசம் என்ற குறையை மன்னித்து மென்பொருள் ஏற்கப்பட்டது.

தாளை நான் தயாரித்தேன். "இறுதி மெருகு" ஏற்றுவதற்காகத் தலைவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜூன் முப்பதாம் தேதி அச்சாகி வந்தது. அழகான தாள். மேலே தங்க நிறத்தில் தலைப்பு. அதன் இரு பக்கமும் பேரீச்ச மரங்கள். கீழே பன்னிரண்டு கட்டங்கள். வலது ஓரத்தில் லஸ்ஹர். இடது ஓரத்தில் ஹஃப்ஸியா.

வரிசை முழுதாகத் திரும்பியிருந்தது. போன சுற்றில் முதல் தண்ணீர் எடுத்த என் மாமியாருக்கு இந்தச் சுற்றில் கடைசித் தண்ணீர். இருபத்து மூன்று நாள் இடைவெளி.

தலைவரிடம் காட்டினேன்.

"மென்பொருள் அப்படித்தான் தம்பி. இடப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்குமாம். மேல்நாட்டு அறிவு. அது யார் பக்கமும் சாயாது."

கூட வந்திருந்த என் மாமியார் தாளைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். "லஸ்ஹர், பழைய தாள்ல கடைசி முறை உனக்கு, இன்னிக்கு. புதுத் தாள்ல முதல் முறையும் உனக்கு, நாளைக்கு. உன் மரமெல்லாம் என்ன, நீச்சல் கத்துக்குதா?"

"இது சங்க முடிவு, ஹஃப்ஸியா அம்மா. குழு ஏத்துக்கிட்ட மென்பொருள்."

"அப்ப சரி" என்றார் அவர். அவர் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை பம்பு அறைக்குப் போனேன். தாள் சுவரில் தலைகீழாகத் தொங்கியது. நான்கு மூலையிலும் புது ஆணி. கீழே என் மாமியார், கையில் சுத்தியலோடு.

பம்பு பார்க்கும் பெல்காசிம் கழுத்தைச் சாய்த்து வலது ஓரத்துக் கட்டத்தைப் படித்தார். "ஹஃப்ஸியா" என்றார். போய் மடையைத் திறந்தார்.

தண்ணீர் பதினான்காவது கன்றுவரை போவதை நின்று பார்த்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

பத்து மணிக்குத் தலைவர் வந்தார். "தாள் தலைகீழாத் தொங்குதுடா. கண்ணு தெரியல?"

"தெரியுது, லஸ்ஹர் ஐயா" என்றார் பெல்காசிம். "வலது ஓரத்துலேர்ந்துங்கறதுதான் சங்க விதி. படத்துல மரம் நிக்கணுமா தொங்கணுமான்னு விதியில இல்ல."

"மடைய மூடு."

"திறந்த மடைய நாள் முடியாம மூடக்கூடாது. அதுவும் விதி."

ஜுமா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்று இருமினார். தலைவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீதான வல்லுநர். இந்த மென்பொருள்ல என்ன கோளாறுன்னு எழுத்துமூலமா அறிக்கை குடு."

கொடுத்தேன். மூன்று நாள் ஆராய்ந்து எழுதிய அறிக்கை அது. அதன் சாரம் இதுதான்:

"மேற்படி மென்பொருளில் அரபியில் எழுதினால் கட்டங்களை அது தானாகவே வலமிருந்து அடுக்குகிறது. இடமிருந்து அடுக்க வைக்க, மூன்று பட்டியல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, 'நிச்சயமாகவா?' என்று அது கேட்கும்போது 'ஆம்' என்று அழுத்தவேண்டும். தாள் தலைவர் வீட்டில் இருந்த மாலையில் அவ்வாறு அழுத்தப்பட்டுள்ளது. மென்பொருளில் கோளாறு இல்லை. செலவு வைக்கவில்லை, சொன்னதைச் செய்கிறது, செய்யும்முன் ஒருமுறை கேட்கவும் செய்கிறது. நம் போன்ற சிறு சங்கத்துக்கு மென்பொருள் கட்டுப்படியாகிறது. தலைவர்தான் கட்டுப்படியாகவில்லை."