கரண்ட் போனால் கோடை

கொழும்பு முழுவதும் மின்வெட்டைத் திட்டித் தீர்த்த காலத்தில், கரண்ட் போனதும் கைதட்டிக் குதித்த ஒரே மனிதப் பிறவி எங்கள் பாசி மிஸ்தான். கொட்டாஞ்சேனையில் மேரி அன்ரி நடத்திய பெண்கள் போர்டிங்கில் அவர் என் அறைத் தோழி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவருக்குத் துருவப் பாசி என்றால் உயிர். மேரி அன்ரியின் ப்ரீசரில், மீனுக்கும் கோழிக்கும் நடுவே, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் பாசியை உறைய வைத்திருந்தார்.

"தென்துருவத்துக்குப் போக எனக்கு ஆர் விசா தரப்போறான்? இது நுவரெலியா மதில்ல சுரண்டினது. இந்த ப்ரீசர்தான் இதுக்கு அன்டார்ட்டிக்கா."

கரண்ட் போய் ப்ரீசர் உருகத் தொடங்கினால், "கோடை வந்திட்டுது!" என்று கத்தியபடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடுவார். வியர்த்து வழிந்துகொண்டிருக்கும் நாங்கள் மனதுக்குள் அவரைச் சபிப்போம்.

ஒருநாள் மத்தியானம் மேரி அன்ரி சோற்றோடு, கீரையை அரிந்து செய்யும் மல்லுங் ஒன்று வைத்தார். தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி எல்லாம் சரி. ஆனால் வாயில் மண் நறநறத்தது.

"அன்ரி, இது என்ன கீரை?"

"தெரியா பிள்ளை. ப்ரீசருக்குள்ள கிடந்தது. பழுதாப் போக முந்தி அரிஞ்சு போட்டன்."

பாசி மிஸ் எழுந்தார். அழப்போகிறார் என்றே நினைத்தோம். டப்பாவைத் திறந்து பார்த்தார். பாதி தப்பியிருந்தது.

"இது காணும்," என்று திரும்பி வந்து உட்கார்ந்து, தன் பங்கு மல்லுங்கை வழித்துச் சாப்பிட்டார். "உப்புத்தான் குறைவு, அன்ரி."

அந்த மாதம்தான் நான் வேலை செய்த கம்பனியை மூடினார்கள். நான் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் சுருண்டேன். குளிக்கவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரான மட்டக்களப்புக்கே போய், அங்கேயும் இப்படியே படுத்துக்கிடப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு காலை கரண்ட் போனது. டப்பாவோடு மிஸ் என் தலைமாட்டில் நின்றார்.

"யன்னலைத் திறக்கவேணும். பாசிக்கு வெயில் வேணும்."

"என்னைக் கொஞ்சம் விடுங்கோ மிஸ்."

"உங்களை ஆர் கேட்டது? நான் பாசியைப் பற்றிக் கதைக்கிறன்."

திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்தார். டப்பாவை யன்னல் விளிம்பில் வைத்தார். உள்ளே பழுப்பாய், சுருண்டு, செத்த எலியைப் போல ஏதோ கிடந்தது.

"துருவத்தில மாசக்கணக்கா இருட்டு. இது இப்படித்தான் உறைஞ்சு கிடக்கும், ஆனா சாகாது. மெல்லிய பனிக்குள்ளால கொஞ்சம் வெளிச்சம் வந்தாக் காணும், அந்தக் குளிருக்குள்ளேயே மெல்ல மெல்லச் சாப்பாடு சமைக்கத் தொடங்கிடும். கடும் பழுப்பு மேனி, அதால வெயில்ட சூட்டையும் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். வேர் எண்டு ஒண்டும் இல்லை, உருகிற தண்ணிய இலையாலயே குடிக்கும்." கைப்பையைத் தோளில் மாட்டினார். "எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. எப்ப விரியுது எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. காயவிட்டிடாதேங்கோ."

முனகிக்கொண்டே எழுந்தேன். தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். போன இடத்தில் மேரி அன்ரி ஒரு பிளேன்டீயைக் கையில் திணித்தார். திரும்பி வந்து பார்த்தால், பழுப்பு நுனிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பச்சை காட்டிக்கொண்டிருந்தன. மிஸ் வரும்வரை பொறுக்கமுடியாமல் வாசலில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு காலையில் கரண்ட் போகும்போதெல்லாம் டப்பா என் யன்னலுக்கு வந்தது. பாசிக்குக் காவலிருந்த நேரத்தில் வேலைகளுக்கு விண்ணப்பம் எழுதினேன். வெள்ளவத்தையில் ஒரு வேலை கிடைத்தது.

அங்கே குடிபோகிற அன்று, காய்ந்த உடுப்புகளை எடுக்க மேரி அன்ரியோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். மாடி முழுக்க வெயில் கொட்டிக்கிடந்தது. என் யன்னலுக்கு வந்தது ஒரு கை அகலம்தான்.

"மிஸ் முந்தி டப்பாவை இங்கதானே கொண்டுவந்து வைப்பா," என்றார் அன்ரி. "பிறகு ஏனோ விட்டிட்டா."

இப்போதும் கரண்ட் போனால் பக்கத்து ப்ளாட்காரர்கள் திட்டுகிறார்கள். நான் எழுந்து யன்னலைத் திறந்துவிட்டு, "தாங்க்ஸ் மிஸ்," என்கிறேன்.