நட்பு வளர்ப்புச் செயின் கழற்றல் திட்டம்

மனிதனுக்கு நண்பர்கள் அவசியம் என்பதை எந்த அரசாங்கமும் இதுவரை மறுத்ததில்லை. ஆனால் மாற்றலாகி வந்த குடிநீர் அலுவலகக் கணக்கருக்கு அந்த அவசியப் பொருள் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் அவரோடு பேசியது மின்விசிறி ஒன்றுதான். அதுவும் ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்பப் பேசியது. ஆகவே அவருடைய பேச்சு மொத்தமும் மனைவியின் தலையில் விழுந்தது.

"உங்க ஆபீஸ் பைப் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கே துருப்பிடிச்சுப் போச்சு. வெளிய போய் நாலு பேரோட பழகுங்க" என்றாள் அந்த அம்மாள்.

அப்போது ஊரில் சைக்கிள் மோகம் தலைவிரித்தாடியது. முன்பெல்லாம் கார் வாங்க வசதியில்லாதவர்கள் சைக்கிள் விட்டார்கள். இப்போது காரை நிறுத்த இடமில்லாத அளவுக்கு வசதி வந்தவர்கள் விட்டார்கள். கணக்கர் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு 'ஞாயிறு மிதிவண்டி நட்புக் கழக'த்தில் சேர்ந்தார். தலைவர் ஓய்வுபெற்ற இணை இயக்குநர். எந்தத் துறை என்று யாரும் கேட்டதில்லை. அவர் இருமும் தோரணையிலேயே பதவி தெரிந்தது.

"சைக்கிள் ஒரு சாக்குதான் சார். நட்புதான் நோக்கம்" என்று சொல்லி விசில் ஊதினார் தலைவர்.

உடம்போடு சேர்த்துத் தைத்தது போன்ற சட்டையில் அத்தனை பேரும் பறந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் செல்போனில் வேகத்தைப் பார்த்தார்கள், போட்டோ பிடித்தார்கள், கலைந்தார்கள். சில வாரங்களில் எல்லோருடைய முதுகும் கணக்கருக்கு நன்றாகப் பழகிவிட்டது. முகம்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, வழியிலிருந்த பாலத்தடியில், கணக்கருக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரின் செயின் கழன்றது. கணக்கர் இறங்கினார்.

"உங்களுக்கு மாட்டத் தெரியுமா சார்?"

"தெரியாது. கூட நிக்கத் தெரியும்."

இருவரும் கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு செயினோடு மல்லுக்கட்டினார்கள். "தலைவலின்னு வர்றவங்க யாருக்கும், எனக்கும் தலைன்னு ஒண்ணு இருக்குன்னு தோணுறதேயில்ல சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். கணக்கர் பைப் கதையை ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர், "அப்புறம்?" என்று கேட்டார். கணக்கரைப் பார்த்து ஒருவர் 'அப்புறம்' சொன்னது வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான்.

இருவரும் தாமதமாக, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன சிரிப்பு?"

"சும்மாதான் சார். பழகிட்டோம்."

"பழகிட்டீங்களா! யாரைக் கேட்டு?"

அவசரச் செயற்குழு கூடியது. கழகம் தோன்றிய நாள்முதல் நட்பு ஏற்பட்டது இதுவே முதல் தடவை என்று தெரியவந்தது. காரணம் செயின் கழன்றது என்பதும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. 'மேற்படி நட்பு அனைவரையும் சென்றடையும் பொருட்டு, இனி ஞாயிறுதோறும் பாலத்தடியில் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயின் கழல வேண்டியது' என்று தீர்மானமாயிற்று.

"கழலலைன்னா?" என்றார் பல் டாக்டர்.

"கழட்டணும். பிடுங்குறது உங்களுக்குப் புதுசா டாக்டர்?"

அனுபவசாலிகள் என்பதால் நண்பர்கள் இருவரும் செயலாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அந்த அனுபவத்தை ஒருவர்மேல் ஒருவர் வீணாக்கிக்கொள்ளக் கூடாதென்று ஒருவருக்கு முன்வரிசை, மற்றவருக்குக் கடைசி வரிசை.

"சார், நாங்க பேசிட்டிருந்தது பாதியில நிக்குது."

"மீதியை என் மூலமா அனுப்புங்க."

கணக்கருக்குக் கோபம் வந்தது. கூடவே செயலாளருக்கான விசிலும் வந்தது. விசில் வந்ததும் கோபம் போய்விட்டது.

திட்டம் அமோகமாகப் பரவியது. மற்றக் கழகங்களும் செயினைக் கழற்றின. தானாகவே கழலும் செயினைக் கடைகள் கூடுதல் விலைக்கு விற்றன. கன்னத்தில் தீற்றிக்கொள்ள வாசனை மசியும் வந்தது. பாலத்தடியில் எல்லோரும் குந்தி உட்கார்ந்து, கறுத்த கையோடு போட்டோ பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மெக்கானிக் வந்து எல்லாச் செயினையும் மாட்டிவிட்டுப் போனார்.

ஆண்டு விழாவன்று தலைவரே அணியை நடத்திச் சென்றார். பாலத்துக்கு வெகு முன்னாலேயே, ஒரு மேட்டில், அவருடைய செயின் நிஜமாகவே கழன்று சிக்கிக்கொண்டது.

"நில்லுங்க! நிஜமாவே கழண்டுடுச்சு!"

"அடடா, என்ன தத்ரூபம்!" என்று கைதட்டியபடி கடந்தார் பல் டாக்டர்.

"குரல்ல அந்தத் தவிப்பைக் கவனிச்சீங்களா?" என்று வியந்துகொண்டே போனார் மருந்துக்கடைக்காரர்.

"யோவ் கணக்கர், நீயாவது நில்லுய்யா!"

கணக்கர் ஒரு கணம் பிரேக்கைத் தொட்டார். "பாலம் இன்னும் வரலையே சார். இங்க நிக்க விதியில இடமில்ல" என்று பணிவோடு சொல்லி, விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

விழா மேடையில் அன்றுதான் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசினார்கள், தோளில் தட்டிச் சிரித்தார்கள். தலைவரின் நடிப்பைப் பற்றித்தான் பேச்சு. சிறந்த செயல்முறை விளக்கத்துக்கான கேடயம் அவருக்கே என்று ஒருமனதாக முடிவாயிற்று.

வாங்கிக்கொள்ள அவர்தான் இன்னும் வந்து சேரவில்லை.