ஐநூறு கிலோமீட்டர் வரை நாற்பது

காஞ்சிபுரத்தில் புது பைக் வாங்கியவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டியில் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தது, வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை வண்டி நாற்பதிடம் இருக்கும்.

நாற்பது என்பது ஓர் ஆள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஏழு மாதம் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தும் தெரியாது. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். நாற்பதுக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும், "நாப்பதா? மாடில இருக்குறாரு, போ" என்பார்கள். கீழே தறிச் சத்தம், மேலே நாற்பது. இதுதான் விலாசம்.

தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவிப்போட்டுவிட்டு, புதிதாகச் சுற்றுவார். சுற்றுகளை எண்ணும்போது யார் பேசினாலும் பதில் வராது. ஒருநாள் கொசுவத்தி பட்டு என் லுங்கி புகைய ஆரம்பித்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டார். ஆனால் எண்ணி முடித்துவிட்டுத்தான், "தம்பி, எரியுதுபா" என்றார்.

நான் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தது தற்செயல். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பியவன். செங்கல் சூளை, பரோட்டாக் கடை என்று சுற்றி, கடைசியாக லாரியில் கிளீனராக இருந்தேன். லாரி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் படுத்துவிட்டது. ஓனர் அதை அங்கேயே விற்றார். என்னையும் சேர்த்துத்தான் விற்கப் பார்த்திருப்பார். வாங்கியவர் லாரி மட்டும் போதும் என்றிருப்பார். ஒரு பட்டுச் சேலைக் கடையில் பெட்டிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. கடைக்காரர்தான் நாற்பதின் அறையில் எனக்கு இடம் கேட்டுக் கொடுத்தார்.

புது இன்ஜினைப் பற்றி நாற்பதிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

"புது இன்ஜினுக்குள்ள எல்லாமே சொரசொரன்னு இருக்கும்பா. பிஸ்டனும் அது ஏறி எறங்குற குழாயும் இப்பத்தான் ஒண்ண ஒண்ணு பாத்துக்கினு இருக்குது. புதுசா கல்யாணம் ஆனதுங்க மாதிரி. அந்த நேரத்துல நீ பின்னாடி நின்னுக்கினு வெரட்டினா இன்னா ஆவும்? ஆயுசுக்கும் சண்டதான்."

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஐநூறு கிலோமீட்டருக்கு அவர் வைத்த சட்டங்கள் இவை. நாற்பதைத் தாண்டக் கூடாது. அதற்காக ஒரே வேகத்திலும் போகக் கூடாது. இருபத்தைந்து, முப்பத்தைந்து, முப்பது என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிழலில் நிறுத்தி ஆற விட வேண்டும். பின்னால் யாரும் உட்காரக் கூடாது. இதையெல்லாம் செய்ய வண்டிக்காரனுக்குப் பொறுமை இருக்காது என்பதால், கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கியதும் சாவியை அவரே வாங்கிக்கொள்வார். வேலை முடிந்த சாயங்காலங்களில் ஓட்டுவார். யாராவது முனகினால் ஒரே பதில்தான்.

"வண்டி உங்களுது. இன்ஜினு ஐநூறு வரைக்கும் என்னுது."

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல், மாலை போட்ட புது வண்டியில் அவர் போவதை ஊரே வேடிக்கை பார்க்கும். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் சைக்கிளில் அவரோடு பந்தயம் வைத்து ஜெயிப்பார்கள். ஒரு திருவிழாவில் பெருமாள் பல்லக்கே அவரை முந்திக்கொண்டு போனது. தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "இன்னா நாப்பது, தள்ளி உடணுமா?" என்று கேட்டாராம்.

ஏனாத்தூரில் படித்த ஒரு பையன், அப்பாவை நச்சரித்துச் சிவப்பு நிற பைக் வாங்கினான். அப்பா சாவியை நாற்பதிடம் கொடுத்துவிட்டார். பையன் மூன்று வாரம் பஸ்ஸில் காலேஜ் போய் வந்தான். ஒரு சாயங்காலம் பஸ் அவன் பைக்கையே முந்திக்கொண்டு போனது.

ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கத்தினான். "ணா, ணா! அது என் வண்டிணா!"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அப்ப நீ ஏம்பா பஸ்ஸுல வர்ற?"

இத்தனைக்கும் அவர் கூலி வாங்குவதில்லை. முதல் ஆயில் மட்டும் அவருக்கு வேண்டும். ஐநூறு முடிந்ததும் இன்ஜின் ஆயிலை இறக்கி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, வெயிலில் சாய்த்து வண்டிக்காரரிடம் காட்டுவார். கறுப்பு எண்ணெய்க்குள் பொடிப்பொடியாக ஏதோ மின்னும், ஜரிகையை அரைத்துப் போட்ட மாதிரி. "பாத்தியா? இவ்ளோதான் உதுந்துக்கிது. நீ ஓட்டியிருந்தா ஒரு கைப்பிடி அளவு உதுந்திருக்கும்" என்பார். பிறகு அதை ஒரு பாட்டிலில் ஊற்றி, வண்டிக்காரர் பெயரை எழுதி ஒட்டி, அறை அலமாரியில் வைப்பார். மற்ற வீடுகளில் சாமி படம் இருக்கும் இடத்தில் எங்கள் அறையில் பாட்டில்கள் இருந்தன.

என் முதலாளியும் ஒரு பைக் வாங்கினார். அதுவும் நாற்பதிடம் போனது. அது நானூறைத் தாண்டியிருந்த சமயத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தென்னேரியில் ஒரு கல்யாணம். முகூர்த்தப் புடவை எங்கள் கடை. அரக்கு நிறம், பச்சைக் கரை. அதே நாளில் வேறொருவர் அம்மனுக்குச் சாத்துவதற்காக ஒன்பது கெஜப் புடவை வாங்கியிருந்தார். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி. முதல்நாள் நான் அம்மன் பெட்டியைத் தென்னேரியில் கொடுத்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலை எட்டு மணிக்குக் கடைக்கு போன் வந்தது. பெண்ணின் சித்தி. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்பா, பெட்டிய தொறந்தா மஞ்சக் கலர்ல ஒம்போது கெஜம் இருக்குது. எங்க பொண்ணு இன்னா அம்மனா? பொண்ணு அழுதுக்கினு இருக்குது. ஒம்போது மணிக்குள்ள பொடவ இங்க இருக்கணும். கட்டறதுக்கே அர மணி ஆவும், ஒம்போதரைக்குத் தாலி."

முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்பதுக்குக் கொண்டுபோய்ச் சேத்தா, திரும்பி வா. இல்லன்னா அப்படியே போயிடு" என்றார். கத்தவில்லை. அதனால் நிஜமாகவே சொல்கிறார் என்று தெரிந்தது.

கடை வேன் சென்னைக்குப் போயிருந்தது. கடையிலேயே தங்கிவிட்ட முகூர்த்தப் பெட்டியோடு நான் அறைக்கு ஓடினேன். வாசலில் முதலாளியின் புது வண்டி நின்றது. நாற்பது விஷயத்தைக் கேட்டார். வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்னாடி ஆள் ஏறக் கூடாது."

"ணா, அந்த அம்மன் புடவைய நான்தான்ணா திருப்பி வாங்கிக்கினு வரணும்."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "சரி ஏறு. உன்ன ஒரு ஆளுன்னு சொல்ல முடியாது" என்றார்.

கிளம்பும்போது எட்டு இருபது. தூரம் இருபத்திரண்டு கிலோமீட்டர். முதலாளி போனில் கூப்பிட்டு, "நாப்பது, அறுபதுல போ, என் வண்டிதானே, நான் சொல்றேன்" என்றார். நாற்பது, "இன்ஜினு கேக்கணுமே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எல்லோரும் எங்களை முந்தினார்கள். ஷேர் ஆட்டோ முந்தியது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முந்தியது. இரண்டு பால் கேனோடு ஒரு பெரியவர் மொபெட்டில் முந்திவிட்டு, பாவம் என்பது போல் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியை மடியில் அழுத்திக்கொண்டு, "ணா, கொஞ்சம் முறுக்குணா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் இருபத்தெட்டுக்கு இறக்கினார். ஒரே வேகத்தில் போகக் கூடாதாம்.

எட்டு நாற்பதுக்கு ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. முன்வரிசையில் ஷேர் ஆட்டோ, டிராக்டர், பால் பெரியவர் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது அவர்கள் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, புறங்கையை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார்.   கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

கேட் திறந்தபோது எட்டு ஐம்பது. இன்னும் பத்து கிலோமீட்டர். நாற்பதில் போனால் கால் மணி நேரம் வேண்டும். என்னிடம் இருந்தது பத்து நிமிடம்.

வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார். "இது எத்தினியாவது வேலபா உனக்கு?"

"பதினொண்ணு."

"எதுலயாவது ஆறு மாசம் இருந்துக்கிறியா?"

"இல்லணா. இதுலதான் அஞ்சு முடிஞ்சிக்கிது."

குனிந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு, "பொட்டிய கெட்டியா புட்ச்சிக்கோ" என்றார்.

அவர் முதுகு அகலம். ஸ்பீடாமீட்டர் எனக்குத் தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டின் நுனி அவிழ்ந்து என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்ததும், கண்ணில் தண்ணீர் வந்ததும் தெரியும். பால் பெரியவர் பின்னால் சின்னதாகிக்கொண்டே போனதும் தெரியும்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது. சித்தி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மஞ்சள் புடவை அம்மனுடையது என்று தெரிந்ததிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஒரு தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் வைத்து, விளக்கேற்றியிருந்தார்கள். பெண்ணின் அப்பா அதை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்து, "தப்பு ஒண்ணும் ஆயிடாதேப்பா?" என்று கேட்டார். தப்புச் செய்தவனிடமே அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அதற்குள் வெளியே ஒரு குழப்பம். நிழல் தேடிய நாற்பது, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தார். சந்தனமும் மாலையுமாக நின்ற அதை, பெண் வீட்டார் வைத்த சீர் என்று நினைத்து, மாப்பிள்ளை வீட்டார் சுற்றிக் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார்.

"எறங்குபா! ஐநூறு ஆவுல!" என்று நாற்பது பந்தி இலையிலிருந்து எழுந்து ஓடினார்.

"எவ்ளோ வேகம்ணா வந்தோம்?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"நாப்பதுதான்" என்றார்.

நான்கு நாள் கழித்து அந்த வண்டியின் ஆயிலை இறக்கினார். டம்ளரை யாருக்கும் காட்டவில்லை. அலமாரியில் புதிதாக ஒரு பாட்டில் வந்தது. மற்ற பாட்டில்களில் எல்லாம் ஆள் பெயர். இதில் 'தென்னேரி' என்று மட்டும் எழுதியிருந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பாட்டிலைவிட இரண்டு பங்கு மின்னியது.

"இது ஏன்ணா இவ்ளோ மின்னுது?"

"வெயிலு" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

ஏழாவது மாதம் நான் கிளம்பினேன். முதலாளி போகச் சொல்லவில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை, கால் கிளம்பியது. நாற்பது காயில் சுற்றிக்கொண்டிருந்தார். முதல்முறையாக எண்ணுவதைப் பாதியில் நிறுத்தினார்.

"உன்ன சின்ன வயசுலயே யாரோ ஃபுல்லா முறுக்கிட்டாங்கபா. அதான் நின்னா உள்ள சத்தம் வருது" என்று சொல்லிவிட்டு, சுற்றியதை அவிழ்த்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அதன்பிறகு பல ஊர். ஓசூரில் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, கொஞ்ச நாளில் சொந்தமாக ஒரு பைக் வாங்கினேன். ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தேன். காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் வண்டியில் அதையும் ஏற்றி, நானும் முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன்.

நாற்பது வாசலுக்கு வந்தார். என்னை விசாரிக்கவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"மூணு கிலோமீட்டர் காட்டுது. யார் ஓட்னது?"

"ஷோரூம்காரங்க."

"எத்தினில?"

"தெரியலணா."

உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார். மாடியில் என் பாய் பழைய இடத்திலேயே சுருட்டி வைத்திருந்தது.

ஐநூறு முடிய இருபத்திரண்டு நாள் ஆனது. ஒரு நாளும் நான் அவசரப்படுத்தவில்லை.