வேலியோரத்து நீல டிரம்

2024 ஜூலை 15, திங்கட்கிழமை. வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை, புழுக்கம் மட்டும் குறைவின்றி இருந்தது.

உத்திரமேரூரை அடுத்த சிற்றூரில், டேனியல் தமது எருக்குழியைக் கிளறிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். காய்கறித் தோல்கள் எருவாகாமல் கூழாகிக் கிடந்தன.

“தண்ணி ஜாஸ்திங்க. காஞ்ச எல போடணும்,” என்றாள் மனைவி பரிமளா.

“எருவப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?”

சுதந்திர தினக் கிராம சபையில், சிறந்த வீட்டு எருவுக்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்று ஊராட்சி அறிவித்திருந்தது. டேனியலின் தோள்கள் அன்றிலிருந்தே காத்திருந்தன. அந்தோ, பக்கத்து வீட்டு வேதகிரியின் வேலியோரத்தில் திடீரென ஒரு நீல டிரம் தோன்றியிருந்தது!

“இன்னா வேதகிரி, டிரம்மு புச்சா கீது?”

“கீதுண்ணா,” என்று வேதகிரி சிரித்தார்.

அச்சிரிப்பு டேனியலின் வயிற்றில் மிளகாயாய் இறங்கியது. வேதகிரி வேலைக்குச் சென்றதும், வேலியைத் தாண்டி, ஒரு சொம்பு புளித்த மோரை அந்த டிரம்மில் ஊற்றினார். கெட்டொழியட்டும்!

மறுவாரம் டிரம் சூடேறி ஆவி விட்டது. தோல்கள் பாதிக்குமேல் மட்கியிருந்தன.

“இன்னாங்க, மோரக் காணோம்?” என்றாள் பரிமளா.

“பூன குட்ச்சிட்ச்சி.”

மூச்சுத் திணறட்டும் என்று இரண்டு கூடை சருகைத் திணித்தார்; இருந்த சிறு நாற்றமும் அகன்றது. சாறு வடிந்து வறளட்டும் என்று பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் துளையிட்டார். காற்றுப் புகுந்து, எரு காப்பித்தூளைப் போல் உதிர்ந்தது. தம் குழியின் மண்புழுக்களும் அங்கேயே குடிபெயர்ந்தனவோ என்று டேனியல் ஐயுற்றார்.

ஆகஸ்ட் 14. ஊராட்சிச் செயலர் கனகா தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினார். டேனியலுக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டி, டிரம்மைக் கட்டிப்பிடித்து உருட்டிச் சென்று, தெருக் கால்வாயில் கவிழ்த்தார். ஒரு மாத எரு சாக்கடையோடு போயிற்று. முதன்முறையாக அவரது முயற்சி பலித்தது.

“அய்யய்யோ! போன வாரம் பாத்து, பொன்னாடைக்கு எழுதி வெச்சதே இந்த டிரம்மத்தான்!” என்று ஓடி வந்தார் கனகா.

“பாவம் வேதகிரி,” என்றார் டேனியல், முழங்கைவரை அப்பியிருந்த கறுப்பைத் துடைத்தபடி. “குடுத்து வெக்கல.”

வேதகிரியின் மனைவி சிட்டம்மாள் வேலிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்:

“அடியே பரிமளா! ஒரு வூட்டுக்கு ஒரு எரு போதும்னு உன்னத் தொரத்துனாரே உன் வூட்டுக்காரரு, நீ எங்க வூட்டாண்ட கொண்டாந்து வெச்ச டிரம்மயும் வந்து கவுத்துட்டாரு!”

அப்போது மணி காலை பத்து நாற்பத்திரண்டு.