தானாக இணையும் கணினி மீதான ஒழுக்காற்று நடவடிக்கை

அரச சொத்து எதுவும் அனுமதியில்லாமல் பணிமனைக்கு வெளியே போகக் கூடாது. கதிரை போகக் கூடாது, மின்விசிறி போகக் கூடாது, ஊழியர் போவதென்றாலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாழைச்சேனையில் இருந்த களப்புக் கரையோர முகாமைத்துவ உபபணிமனையில் இந்த ஒழுங்கை மீறியது ஒரேயொரு கணினிதான். அது கேதீஸ்வரியின் மேசையில் இருந்தது என்பதுதான் கேதீஸ்வரியின் கெட்ட காலம்.

கேதீஸ்வரி செங்கலடியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றபடி வருபவள். ஊருக்குப் பக்கத்தில் இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். முடிவு கொழும்பிலிருந்து வரும்வரை பெயரில் ஒரு கீறலும் விழக் கூடாதென்று தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு வேலை செய்தாள்.

கணினிக்கு அந்த அடக்கம் இல்லை.

அன்றைக்கு உதவிப் பணிப்பாளர் நல்லரத்தினம் 'பாதுகாப்பான டிஜிட்டல் பணிமனையை நோக்கி' என்ற தலைப்பில் வெளியூர் விருந்தினர் முன்னிலையில் உரையாற்றிக்கொண்டிருந்தார். டிஜிட்டல் என்ற சொல் இல்லாத கூட்டத்துக்கு அந்த வருடம் வடை கூட ஒதுக்கப்படவில்லை.

"எமது கணினிகள் எமது கட்டளைக்கு மாத்திரமே கீழ்ப்படியும்!" என்று அவர் கையை உயர்த்தினார். கேதீஸ்வரியின் கணினியோடு பொருத்தியிருந்த பெரிய திரையில் அவரது படம் மறைந்தது. 'றிஸான் புரொயிலர்: இணைக்கப்பட்டது' என்று எழுத்து விழுந்தது. அடுத்து கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாகவும் தயவுசெய்து அணைக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டு உறங்கிப்போனது.

றிஸான் புரொயிலர் என்பது மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கோழிக்கடை. விருந்தினர் சிரித்த சிரிப்பு கோழிகளுக்கும் கேட்டிருக்கும்.

கூட்டம் கலைந்ததும் விசாரணை தொடங்கியது.

"யாரக் கேட்டுப் போனது?"

"தானாப் போனது சேர்," என்றாள் கேதீஸ்வரி.

"தானாப் போறதோ? நான் மட்டக்களப்புக்குப் போறதெண்டாலே மேலிடத்துல கேட்கோணும். இது கோழிக்கடைக்குப் போய் வருது!"

"அதுல ஒரு சின்னக் கட்டம் இரிக்கு சேர். 'தானாக இணை' எண்டு சரி போட்டிரிக்கு. அந்தச் சரியை எடுத்தால் நிக்குமாம்."

"அப்ப எடுங்க."

கேதீஸ்வரி எடுக்கப் போனாள். கணினி நிர்வாகியின் பாஸ்வேர்ட் கேட்டது. அது கொழும்பில் இருந்தது. அவள் கொழும்புக்குப் போன் எடுத்தாள். பாஸ்வேர்ட் கோரிக்கைகள் இணையத்தினூடாக மட்டுமே ஏற்கப்படும் என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொல்லியது.

நல்லரத்தினம் நெற்றியைத் தடவினார். இணையத்துக்குப் போகாமல் தடுக்க, இணையத்துக்குப் போக வேண்டும். ஆனால் போக அனுமதி இல்லை. அனுமதி கொடுக்கும் அதிகாரி யார்? அவரேதான். அவருடைய முகம் மலர்ந்தது.

"கணினிக்கு அரை நாள் கடமை லீவு எழுதுங்க. கையெழுத்து வைக்கிறன். போயிட்டு வரட்டும்."

எழுதினாள். கையெழுத்து விழுந்தது. கணினி றிஸான் புரொயிலர் வழியாக உத்தியோகபூர்வமாகப் புறப்பட்டது. கோரிக்கையை அனுப்பும் பொத்தானில் கேதீஸ்வரி விரலை வைத்த நேரம், அது மறுபடியும் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கி, எழுதியது அத்தனையையும் விழுங்கிவிட்டது.

"லீவைத் துஷ்பிரயோகம் பண்ணிட்டுது," என்றார் நல்லரத்தினம், மனம் நொந்து. "இனிக் கோழிக்கடையோடதான் கதைக்கோணும்."

கடையில் றிஸான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தான்.

"உங்கட வைஃபை எங்கட பணிமனைக்குள்ள அத்துமீறி வருது," என்றார் நல்லரத்தினம்.

"நிப்பாட்ட ஏலா சேர், கேமராவுக்கு வேணும். பாஸ்வேர்டை மாத்திறன். அதுசரி, பழைய பாஸ்வேர்ட் உங்கட கணினிக்கு எப்பிடித் தெரியும்? கிரிக்கெட் பார்க்க எண்டு நீங்க ஒருக்கா வாங்கினீங்களே, அதுதானோ?"

நல்லரத்தினம் தொங்கிய கோழிகளைக் கவனமாகப் பார்வையிட்டார். கேதீஸ்வரி தெருவைப் பார்த்தாள்.

பாஸ்வேர்ட் மாறியது. கணினி எங்கும் போகாமல், நல்ல குடும்பத்துப் பிள்ளை போல மேசையில் இருந்தது. நல்லரத்தினம் வாசலில் பதாகை கட்டினார்: 'தன்னியக்க இணைப்பற்ற முதலாவது பணிமனை'. பனிச்சங்கேணிப் பக்கத்திலிருந்தும் வேறு பணிமனைக்காரர் வந்து பதாகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். டிஜிட்டல் பழசாகிவிட்டது. இணைப்பில்லாமல் இருப்பதுதான் இனி நாகரிகம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகுதான் தெரிந்தது, பணிமனையின் சொந்த இணைப்பு போன மாரிக் காற்றில் அறுந்து விழுந்திருந்தது. கோழிக்கடையின் புண்ணியத்தில் எல்லாம் ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை. இனித் திருத்தச் சொல்லிக் கேட்பதென்றாலும் இணையத்தினூடாகத்தான் கேட்க வேண்டும். வரவு பதியும் விரல் இயந்திரமும் அந்தக் கணினி வழியாக அதே புண்ணியத்தில்தான் ஓடியிருந்தது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. கேதீஸ்வரி தினமும் விரலை வைத்தாள். இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியது. கொழும்புக்கு ஒன்றும் போகவில்லை.

தோணி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வந்த பதியுதீன் காக்காவுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஓட்டமாவடிக்காரர், களப்பில் இறால் பிடிப்பவர், மூத்த அண்ணன் முறையில் எல்லோருக்கும் காக்கா.

"சிஸ்டம் இல்ல காக்கா," என்றாள் கேதீஸ்வரி.

"அப்ப முறைப்பாடு எங்க குடுக்கிற மிஸ்?"

"இந்தக் கணினியிலதான் பதியோணும்."

"இது வேலை செய்யாதே?"

"அதாலதான் பதிய ஏலா."

பதியுதீன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து யோசித்தார். பிழை எதுவும் பிடிபடாமல் எழுந்து போனார். மறுநாளும் வந்தார்.

சில மாதங்களில் கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'மேற்படி பணிமனை தொடர்பில் பொதுமக்களிடமிருந்து ஒரு முறைப்பாடேனும் கிடைக்கவில்லை என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் அறியத் தருகின்றோம்.' நேரில் பார்க்க ஒரு மதிப்பீட்டு அதிகாரியும் வந்தார். கேதீஸ்வரி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். இடமாற்றத்தைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

அதிகாரி பதாகையைப் பார்த்தார், கணினியைத் தடவினார், திருப்தியடைந்தார்.

"சேர், என்ட இடமாற்றம்..." என்றாள்.

அவர் தன் கையிலிருந்த டெப் கணினியைத் தட்டிப் பார்த்தார். "இங்கிருந்து யாரையும் மாற்ற ஏலாதே. இந்தப் பணிமனைக்குக் கன காலமா ஒருவரும் வேலைக்கு வரேல்ல."

"நான் இரிக்கிறன் சேர். உங்கட முன்னால நிக்கிறன்!"

"நீங்கள் நிற்கிறதை நான் மறுக்கேல்ல. சிஸ்டத்தில இல்லை."

நல்லரத்தினம் பாய்ந்து வந்தார். "நான் உதவிப் பணிப்பாளர்!"

"அந்தப் பதவி வெற்றிடம். எல்லாப் பதவியும் வெற்றிடம். ஆளில்லாமலே இவ்வளவு சிறப்பா நடக்கிறதாலதான் மேலிடத்துக்கு ஆச்சரியம். மற்றப் பணிமனைகளிலயும் இப்பிடிச் செய்யச் சொல்லியிருக்கினம்."

"அப்ப நாங்க ஆர்?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "பொதுமக்கள்."

"இது அநியாயம்! நான் முறையிடுவன்!" என்றார் நல்லரத்தினம்.

"தாராளமா. ஒன்லைனில போடுங்கோ."

வாகனம் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. கேதீஸ்வரி நல்ல சேலையில் படிந்த தூசியைத் தட்டினாள். வெளி வாங்கில் இருந்த பதியுதீன் காக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"வாங்க, இப்பிடி இரிங்க. பொறுத்திருந்தா நாளைக்கு வரச் சொல்லுவாங்க."

"ஆர் சொல்றது காக்கா?" என்றாள் கேதீஸ்வரி. "உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே."

"முந்தியும் அப்பிடித்தானே, மகள்."